ஆபீஸ் போன் சிஸ்டத்துல சிப் ட்ரங்க் போடுறது: நம்ம திருநெல்வேலி பக்கம் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

டவுன், பாளை, வண்ணார்பேட்டை, அந்தப் பக்கம் தென்காசி வரைக்கும் ஆபீஸ் ஆபீஸா போய் போன் சிஸ்டம் மாட்டிக் குடுக்குறது நம்ம வேலை. லேண்ட்லைன எடுத்துட்டு சிப் ட்ரங்க் போடணும்னு ஆஸ்பத்திரி, ரைஸ் மில், ஜவுளிக்கடை, காலேஜ்னு எல்லாரும் கேக்காங்க, ஆளு மாறுது ஊரு மாறுது சந்தேகம் மட்டும் மாறவே மாட்டேங்குது. போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி, அதான் மொத்தமா எழுதிட்டேன். பிபிஎக்ஸ்னா ஆபீஸுக்குள்ள காலப் பிரிச்சு விடுற பெட்டி. மெனு பேரு வர்ற இடத்துல ஃப்ரீபிபிஎக்ஸ்ங்கிற பிபிஎக்ஸ் சாப்ட்வேர் கணக்குல சொல்லிருக்கேன். கிராண்ட்ஸ்ட்ரீம், 3சிஎக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு பேரு வேற, வேலை ஒண்ணுதான்.

1. சிப் ட்ரங்க்னா என்ன அண்ணாச்சி? லேண்ட்லைன் மாதிரி சுவத்துல ஒரு வயர் வருமா?

வயர் வரும், அது இன்டர்நெட் வயர். பழைய லைன்ல ஒரு ஜோடி செம்புக்கம்பிக்கு ஒரு பேச்சுதான். பிஆர்ஐ (ஆபீஸுக்குன்னு வர்ற டிஜிட்டல் லைன்) போட்டிருந்தீங்கன்னா ஒரே லைன்ல 30 பேச்சு. சிப் ட்ரங்க்ல பேச்சு எல்லாம் டேட்டாவா போகுது, எத்தனை சேனலுக்கு காசு கட்டுதீங்களோ அத்தனை பேரு ஒரே நேரத்துல பேசலாம்.

இதுல ரெண்டு சமாச்சாரம் தனித்தனியா ஓடுது. காலை ஆரம்பிக்கிறது, மணி அடிக்க வைக்கிறது, முடிக்கிறது எல்லாம் சிப், வழக்கமா 5060 போர்ட். பேசுற குரல் அதுல போகாது, ஆர்டிபினு வேற போர்ட்டுல வேற வழியா போகும். இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கீழ உள்ள பாதிக் கேள்விக்கு பதிலே இதுக்குள்ளதான் இருக்கு.

2. எங்க 0462 நம்பர் அப்பா காலத்துல இருந்து போர்டுல இருக்கு. சிப் போட்டா நம்பர் போயிருமா?

எந்தக் கம்பெனிகிட்ட இருந்து எந்தக் கம்பெனிக்குப் போறீங்கங்கிறதப் பொறுத்தது. அதே கம்பெனிகிட்டயே சிப் எடுத்தா, இந்த நம்பரையே சிப்புக்கு மாத்தித் தர முடியுமான்னு முதல்ல கேளுங்க, பல இடத்துல நடக்கும். வேற கம்பெனிக்குப் போனா புது நம்பர்தான், மொபைல்ல போர்ட் பண்ணுத மாதிரி லேண்ட்லைன்ல கிடையாது.

அப்படி ஆச்சுன்னா பழைய லைன கட் பண்ணாதீங்க. இருக்கறதுலயே கம்மி பிளானுக்கு இறக்கிட்டு, எஃப்எக்ஸ்ஓ கேட்வேனு ஒரு சின்னப் பெட்டி வாங்கி அத பிபிஎக்ஸ்ல சேத்துருங்க. பழைய நம்பருக்கு வர்ற காலும் அதே ரிசப்ஷன்ல அடிக்கும், வெளிய போறது எல்லாம் சிப்ல போகும். பழைய ஆளுங்க எல்லாருக்கும் புது நம்பர் போய்ச் சேர ரொம்ப நாளாகும். நம்பர சரண்டர் பண்ணிட்டு அப்புறம் கேட்டா திருப்பிக் கிடைக்கும்னு நம்பாதீங்க.

3. பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டிய, அதான் லேண்ட்லைன் காலத்து பிபிஎக்ஸ, தூக்கிப் போடணுமா?

வேண்டாம். பிஆர்ஐ கார்டு இருந்தா சிப்ப பிஆர்ஐயா மாத்துற கேட்வே நடுவுல வைக்கலாம், எக்ஸ்டென்ஷன் வயரெல்லாம் அப்படியே இருக்கட்டும். பெட்டிக்கு ஸ்பேர் கார்டு கிடைக்காம அல்லாடுற நிலமைன்னா மட்டும் மொத்தமா மாத்துறதப் பத்தி யோசிங்க.

4. லைன் கம்பெனிக்காரங்ககிட்ட என்னென்ன கேட்டு வாங்கணும்? அவங்க "எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்"ங்காங்க.

அப்படித்தான் சொல்லுவாங்க, வர்ற இன்ஜினியர் ரூட்டர் வரைக்கும் லைட் எரியுதான்னு பாத்துட்டுப் போயிருவாரு, அதுக்கு அந்தப் பக்கம் உங்க பாடு. மெனுவத் தொடுறதுக்கு முன்னாடி மெயில்ல எழுதி வாங்குங்க. சிக்னலிங் (காலை ஆரம்பிச்சு முடிக்கிற சிப்) ஐபி இல்லன்னா டொமைன் என்ன, போர்ட் என்ன, அனுப்புற முறை யுடிபியா டிசிபியா டிஎல்எஸ்ஸா. யூசர்நேம் பாஸ்வேர்டு உண்டா, இல்ல ஐபிய வச்சே அடையாளம் பாக்காங்களா. குரல் எந்த ஐபில இருந்து வரும் (சிக்னலிங் ஐபியும் மீடியா ஐபியும் ஒண்ணாவே இருக்கணும்னு இல்ல, இதக் கேக்க மறந்துதான் நெறைய பேரு மாட்டுதாங்க). எந்த கோடெக் (குரல டேட்டாவா மாத்துற முறை). பைலட் நம்பர் (மெயின் நம்பர்) எது, டிஐடி (ஒவ்வொருத்தருக்கும் நேரா அடிக்கிற நம்பர்) எதுல இருந்து எது வரைக்கும். எத்தனை சேனல். ஐஎஸ்டி திறந்திருக்கா பூட்டிருக்கா.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு. நாம வெளிய கூப்பிடும்போது நம்பர எப்படி அனுப்பணும், 0 வச்சா, 91 வச்சா, ப்ளஸ் 91 வச்சா? அவங்க நமக்கு கால் அனுப்பும்போது எங்க நம்பர எப்படி அனுப்புவாங்க, 0462னா, 91462னா, வெறும் 462னா? இத எழுதி வாங்கிட்டீங்கன்னா 9, 10ம் கேள்வி உங்களுக்கு வராது.

5. யூசர்நேம் பாஸ்வேர்டே குடுக்கல, நாலு ஐபி மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலை, அது ஒரு முறை. ஏர்டெல், ஜியோ, டாடா மாதிரி பெரிய கம்பெனிங்க ஆபீஸுக்குன்னு தனி ஃபைபர் இழுத்து அதுலயே சிப் குடுக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த வயர்ல வந்தா அது நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியும், பாஸ்வேர்டு எதுக்கு? ஃப்ரீபிபிஎக்ஸ்ல ட்ரங்க் போடும்போது ஆதென்டிகேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டையும் 'நன்'னு வைங்க, அட்வான்ஸ்டுல மேட்ச்ங்கிற கட்டத்துல அவங்க ஐபி எல்லாத்தையும் போடுங்க.

நாலு ஐபின்னா பொதுவா உங்க பக்க ஐபி, கேட்வே, சிக்னலிங், மீடியா. இந்த லைன் வழியா யூடியூப் வராது, சிப் மட்டும்தான். அதனால பிபிஎக்ஸ்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு வேணும், ஒண்ணு ஆபீஸ் லேன், ஒண்ணு இந்த லைன். டிஃபால்ட் கேட்வே (தனியா வழி சொல்லாத டேட்டா எல்லாம் வெளிய போற வாசல்) ஒரே ஒரு கார்டுலதான் இருக்கணும், லேன் பக்கம் வச்சுட்டு சிக்னலிங், மீடியா ஐபிகளுக்கு மட்டும் இந்தக் கார்டு வழியா ஸ்டேட்டிக் ரூட் (இந்த ஐபிக்கு இந்த வழின்னு நாமளே எழுதுறது) போடுங்க. ரெண்டு கார்டுலயும் கேட்வே போட்டுட்டு, காலைல வேலை செய்யுது மத்தியானம் செய்யலங்கிற கேஸ் நெறைய வருது.

6. நெட்டுல வெளிநாட்டுக் கம்பெனி சல்லிசா தாராங்களே, அத வாங்கிப் போட்டா என்ன?

அமெரிக்காவுல உள்ள கஸ்டமர் கூப்பிட அமெரிக்க நம்பர் வேணும்ங்கிறது வேற பேச்சு. இந்தியாவுக்குள்ள லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் போற கால, இங்க டெலிகாம் லைசென்ஸ் உள்ள கம்பெனி வழியாத்தான் அனுப்பணும். சல்லிசா வருதுன்னா நடுவுல எங்கயோ ஒரு வீட்டுல சிம் பாக்ஸ் (நெட்டுல வர்ற கால நெறைய சிம் வழியா திருட்டுத்தனமா அனுப்புற பெட்டி) ஓடுதுன்னு அர்த்தம். லைசென்ஸ் இல்லாம அப்படி நடத்துறவங்களுக்கு 2023 டெலிகாம் சட்டத்துல 3 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, போலீஸ் கால் லிஸ்ட எடுத்தா உங்க கடை நம்பரும் அதுல வரும். நாலு காசு மிச்சத்துக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

7. 25 பேரு வேலை பாக்குற ஆபீஸ். எத்தனை சேனல் வேணும், நெட் ஸ்பீடு எவ்ளோ வேணும்?

25 பேரும் ஒரே நேரத்துல வெளிய பேச மாட்டாங்க. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் கவுன்டர் மாதிரி காலைல ஒண்ணா குவியுற இடம்னா 10 வேணும், சாதாரண ஆபீஸுக்கு 5, 6 போதும். வெளிய இருந்து வந்த கால திருப்பி ஒருத்தர் மொபைலுக்கு அனுப்புனா ரெண்டு சேனல் போகும், இத கணக்குல சேக்காம விட்டுருவாங்க.

ஸ்பீடு ரொம்ப வேண்டாம். நம்ம ஊர்ல ஏ-லாங்கிற கோடெக் தான் பழக்கம், அதாவது ஜி.711, ஹெட்டர் எல்லாம் சேத்து ஒரு பேச்சுக்கு ஒரு பக்கத்துக்கு சுமார் 87 கேபிபிஎஸ். 10 பேச்சுக்கு 1 எம்பிபிஎஸ் கூட வராது. ஜி.729ன்னா ஒரு பேச்சுக்கு 31 கேபிபிஎஸ்தான், ஆனா குரல் கொஞ்சம் மங்கும். தனி லைன் இல்லாம சாதாரண பிராட்பேண்டுல சிப் ஓட்டுதீங்கன்னா பிரச்சினை வேற எடத்துல, ஒருத்தர் ஸ்கேன் ரிப்போர்ட்ட அப்லோட் பண்ணும்போது குரல் வெட்டி வெட்டி வரும். ரூட்டர்ல வாய்ஸுக்கு முன்னுரிமை குடுங்க, முடியலன்னா போனுக்குன்னு தனி கனெக்ஷனே எடுத்துருங்க.

8. யூடியூப் பாத்து அப்படியே போட்டேன், ஆனா அந்த மெனுவே எனக்கு வரல?

பழைய வீடியோவா இருக்கும். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில ஓடுற ஆஸ்டரிஸ்க்ல முன்னாடி சான்-சிப்னு ஒரு டிரைவர் இருந்துச்சு, பியர் டீடெய்ல்ஸ்னு பெரிய கட்டத்துல வரிவரியா எழுதுவோம். 21ம் வெர்ஷன்ல அத சுத்தமா எடுத்துட்டாங்க, இப்ப பிஜே-சிப் மட்டும்தான். கம்பெனிக்காரங்க சில பேரு இன்னமும் அந்தப் பழைய சாம்பிளத்தான் மெயில்ல அனுப்புதாங்க. அதுல ஹோஸ்ட்னு இருக்கறத சிப் சர்வர்லயும், ஃப்ரம் யூசர், ஃப்ரம் டொமைன் இருந்தா அட்வான்ஸ்டுல அதே பேர்ல உள்ள கட்டத்துலயும் போட்டா சரியாப் போகும்.

ட்ரங்க் மட்டும் போட்டுட்டு கால் போகலன்னு கூப்பிடாதீங்க. வெளிய போக அவுட்பவுண்ட் ரூட், உள்ள வர இன்பவுண்ட் ரூட், மூணும் சேந்தாதான் வேலை முடியும்.

9. உள்ள வர்ற கால் எல்லாம் வருது. லேண்ட்லைனுக்கும் போகுது. மொபைலுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது!

0 போடல. 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்கு அடிச்சா முன்னாடி 0 வேணும்னு ஆக்கிட்டாங்க, லேண்ட்லைன் நம்பர் உள்ள சிப் ட்ரங்க்லயும் நெறைய கம்பெனி இதத்தான் எதிர்பாக்குது. ஸ்டாஃப் எல்லாரையும் 0 போட்டு அடிங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, பிபிஎக்ஸே போட்டுக்கிடட்டும். அவுட்பவுண்ட் ரூட்ல டயல் பேட்டர்ன்: முதல் எண் 6ல இருந்து 9க்குள்ள, பின்னாடி இன்னும் ஒம்பது எண், ப்ரிபெண்ட் (முன்னாடி சேக்குற எண்) கட்டத்துல 0.

உங்க கம்பெனி 91 வச்சுக் கேட்டா 0க்குப் பதில் 91. அதான் 4ம் கேள்வில எழுதி வாங்கச் சொன்னேன். அதே மாதிரி பழக்க தோசத்துல ஏழு எண் மட்டும் அடிக்கிற பெரியவங்களுக்காக, ஏழு எண் வந்தா முன்னாடி 0462 சேக்குற வரி ஒண்ணு போட்டுருங்க. தென்காசி பிராஞ்சுன்னா 04633, அங்க ஆறு எண்தான், பேட்டர்ன அப்படியே காப்பி பண்ணிறாதீங்க.

10. இப்ப எனக்கு உல்டா. வெளிய போகுது, வெளிய இருந்து அடிச்சா "நம்பர் உபயோகத்தில் இல்லை"ங்கு.

முதல்ல இது யாரு பக்கம்னு பாருங்க. பிபிஎக்ஸோட லாக்க (என்ன நடக்குதுன்னு வரிவரியா எழுதுற பதிவு) ஓட விட்டு உங்க மொபைல்ல இருந்து அடிங்க. லாக்ல ஒரு வரிகூட வரலன்னா கால் உங்க பெட்டிக்கே வரல, ரெஜிஸ்ட்ரேஷன் போயிருக்கும், இல்ல ஃபயர்வால் தடுக்கும், இல்ல கம்பெனி பக்கம். வரி வந்துட்டா கால் வந்து சேந்துருச்சு, உங்க பெட்டிதான் வேண்டாம்னு சொல்லுது.

பெட்டி வேண்டாம்னு சொல்லுறதுக்கு ரெண்டு காரணம் அதிகம். ஒண்ணு, கால் வந்த ஐபி மேட்ச் கட்டத்துல இல்ல. ரெண்டு, நீங்க இன்பவுண்ட் ரூட்ல 0462ன்னு ஆரம்பிச்சு போட்டிருப்பீங்க, அவங்க 91462ன்னு அனுப்புவாங்க. டிஐடி கட்டத்த காலியா விட்டு ஒரு ரூட் போட்டுப் பாருங்க, மணி அடிச்சா நம்பர் எழுதுன விதம்தான் தப்பு. சந்தேகப்பட்டு ட்ரங்க் பாஸ்வேர்டு எல்லாம் மாத்தவே வேண்டாம்.

யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு ரெஜிஸ்டர் பண்ணுற ட்ரங்க்ல இன்னொரு கூத்து உண்டு. எந்த டிஐடிக்கு அடிச்சாலும் பைலட் நம்பருக்கு வந்த மாதிரியே காட்டும். நெசமா கூப்பிட்ட நம்பர் 'டு'ங்கிற ஹெடர்ல (சிப் மெசேஜ்ல உள்ள ஒரு வரி) ஒளிஞ்சிருக்கும். ட்ரங்க்ல கான்டெக்ஸ்ட் 'ஃப்ரம்-பிஎஸ்டிஎன்'னு இருக்கறத 'ஃப்ரம்-பிஎஸ்டிஎன்-டுஹெடர்'னு மாத்துங்க, பிரிஞ்சுரும்.

11. நாங்க பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்கல. போன் ரிப்பேரா?

போன் ஒண்ணும் செய்யல. 1ம் கேள்வில சொன்னேன்ல, குரல் வேற வழியா போகுதுன்னு. நம்ம பெட்டி "குரல இந்த அட்ரஸுக்கு அனுப்பு"ன்னு 192.168ன்னு ஆரம்பிக்கிற உள் ஐபியச் சொல்லிருது, வெளிய இருந்து அந்த அட்ரஸுக்கு எப்படி வர முடியும்? ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ்ல எக்ஸ்டர்னல் அட்ரஸுல உங்க பப்ளிக் ஐபி, லோக்கல் நெட்வொர்க்ல ஆபீஸ் லேன், ரெண்டும் சரியா இருக்கான்னு பாருங்க. ஃபயர்வால்ல யுடிபி 10000ல இருந்து 20000 வரைக்கும் கம்பெனியோட மீடியா ஐபிக்குத் திறங்க. அப்புறம் ரூட்டர்ல சிப் ஏஎல்ஜின்னு ஒண்ணு இருக்கும், உதவி செய்யுதேன்னு வந்து பாக்கெட்டுக்குள்ள உள்ள அட்ரஸக் கண்டபடி மாத்தும். அத ஆஃப் பண்ணிருங்க.

5ம் கேள்வில சொன்ன தனி லைன்காரங்களுக்கு கதை வேற. அங்க வெளி ஐபியே வரக்கூடாது. பெட்டில எக்ஸ்டர்னல் அட்ரஸ் போட்டிருந்தா, அந்தத் தனி லைன்லயும் பப்ளிக் ஐபியச் சொல்லிட்டு நிக்கும், குரல் வராது. கம்பெனியோட சிக்னலிங், மீடியா நெட்வொர்க்கையும் லோக்கல் நெட்வொர்க் பட்டியல்ல சேத்துருங்க. இது எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க.

12. கால் சரியா அரை நிமிசத்துல கட் ஆகுது. தினமும் அதே நேரம். இதென்ன மாயம்?

32 செகண்டா இருக்கும், கடிகாரத்த வச்சுப் பாருங்க. போன எடுத்ததும் நம்ம பெட்டி "எடுத்தாச்சு"ன்னு 200 ஓகே அனுப்பும், அந்தப் பக்கம் இருந்து ஏசிகே, அதாவது 'கெடச்சுது'ங்கிற பதில், வரணும். வரலன்னா திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்துட்டு 32 செகண்டுல கால முடிச்சிரும், சிப்லயே அப்படித்தான் விதி. ஏசிகே ஏன் வரல? 11ல சொன்ன அதே உள் ஐபி சமாச்சாரம், இந்தத் தடவை பதில எங்க அனுப்பணும்னு சொல்லுற கான்டாக்ட் ஹெடர்ல. அங்க சொன்னத சரி பண்ணுனா இதுவும் போயிரும்.

13. எங்களுக்கு 32 செகண்ட் இல்ல, 15 நிமிசம் ஆனா கட் ஆகுது.

அது செஷன் டைமர். கால் இன்னும் உயிரோட இருக்கான்னு நடுவுல ஒரு தடவை கேட்டுக்கிடுவாங்க, வழக்கமா 1800 செகண்ட் வச்சு அதுல பாதில, அதாவது 15 நிமிசத்துல. அந்த நேரத்துக்குள்ள ஃபயர்வால் கதவ மூடிருந்தா பதில் போகாது, கால் போயிரும். ஃபயர்வால்ல யுடிபி டைம்அவுட்ட கூட்டுங்க, ட்ரங்க்ல குவாலிஃபை (லைன் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்குறது) 30, 60 செகண்டுக்கு ஒருக்க ஓடட்டும். சரியாகலன்னா கம்பெனிகிட்ட டைமர் எவ்ளோ வச்சிருக்காங்கன்னு கேளுங்க.

14. "அப்பாயின்ட்மென்டுக்கு 1 அமுக்கவும்"னு வாய்ஸ் வருது, அமுக்குனா ஒண்ணும் நடக்கல.

டிடிஎம்எஃப் (பட்டன் அமுக்குனத அனுப்புறது) மோட ஆர்எஃப்சி 4733க்கு மாத்துங்க, பழைய பேரு 2833. கம்பெனி இன்பேண்டுல (குரலோடயே ஓசையா) அனுப்புனா நம்ம பக்கமும் அதுக்கு மாத்தணும், அப்ப கோடெக் ஜி.711தான் இருக்கணும், ஜி.729ல அந்த ஓசை நசுங்கிப் போகும்.

15. ஒவ்வொரு டாக்டருக்கும் தனி டிஐடி வாங்குனோம். யாரு கூப்பிட்டாலும் பைலட் நம்பர்தான் காட்டுது.

எக்ஸ்டென்ஷன்ல அவுட்பவுண்ட் சிஐடில (வெளிய காட்டுற நம்பர்) அந்த டிஐடியப் போடுங்க, ட்ரங்க்ல பி-அசர்டட்-ஐடென்டிட்டி (கூப்பிடுறவர் நம்பரச் சொல்லுற ஹெடர்) அனுப்புறத ஆன் பண்ணுங்க. நம்பர் எழுதுற விதம் இங்கயும் அவங்க கேக்குற மாதிரியே இருக்கணும். உங்களுக்குக் குடுத்த டிஐடிக்குள்ள இல்லாத நம்பர் எதப் போட்டாலும் ஒண்ணு பைலட்டா மாத்திருவாங்க, இல்ல கால வெட்டிருவாங்க. வந்த கால மொபைலுக்குத் திருப்பும்போது கூப்பிட்டவர் நம்பரையே காட்டணும்னு கேக்காங்க, அது இதனாலதான் நடக்க மாட்டேங்குது.

இதே ட்ரங்க்ல ஆஃபர் சொல்லி ஊருக்கே கால் அடிக்கலாமான்னும் ஜவுளிக்கடைல கேக்காங்க. கூடாது. விளம்பரக் காலுக்கு 140ல ஆரம்பிக்கிற நம்பர்தான், பதிவு பண்ணி வாங்கணும். சாதாரண நம்பர்ல அடிச்சு நாலு பேரு கம்ப்ளைன்ட் குடுத்தா லைனே போயிரும்.

16. ரெண்டு கம்பெனி லைன் வச்சிருக்கோம். ஒண்ணு போனா ஒண்ணு தானா எடுக்குமா?

வெளிய போறதுக்கு எடுக்கும், அவுட்பவுண்ட் ரூட்ல ரெண்டு ட்ரங்க்கையும் வரிசையா போட்டா போதும். ரெண்டுலயும் குவாலிஃபை ஆன்ல இருக்கணும், இல்லன்னா செத்த லைன்ல போய் காத்துக்கிட்டு நிக்கும். நம்பர் எழுதுற விதம் ரெண்டு கம்பெனிக்கும் வேற வேறயா இருந்தா ரூட்ல மாத்தாதீங்க, ட்ரங்க்லயே உள்ள டயல் நம்பர் மேனிபுலேஷன்ல மாத்துங்க.

உள்ள வர்ற கால நம்ம பெட்டி ஒண்ணும் செய்ய முடியாது, லைன் கம்பெனிதான் செய்யணும். ட்ரங்க் விழுந்தா இந்த மொபைலுக்கு அனுப்புன்னு அவங்ககிட்ட முன்னாடியே போட்டு வைங்க. 2023 டிசம்பர் 17, 18 மழையில ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணி ஏறிக் கெடந்தப்ப கரண்டும் இல்ல நெட்டும் இல்ல, அந்த மாதிரி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு ரெண்டு லைனும் ஒரே தெரு ஃபைபர்ல வந்தா ரெண்டு இருந்தும் ஒண்ணுதான். பழைய செம்புக்கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே கரண்ட் வந்துச்சு, நம்ம வீட்டுல கரண்ட் போனாலும் பேசலாம். சிப்ல அது கிடையாது, பிபிஎக்ஸுக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுட்டு ஃபைபர் பெட்டியையும் ஸ்விட்சையும் விட்டுறாதீங்க.

17. ராத்திரில யாரோ உள்ள பூந்து வெளிநாட்டுக்குக் கால் அடிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். நமக்கும் வருமா?

5060 போர்ட நெட்டுக்குத் திறந்து வச்ச கொஞ்ச நேரத்துலயே லாக்ல தட்ட ஆரம்பிச்சுருவாங்க, 101, 1001னு எக்ஸ்டென்ஷன் நம்பரா அடிச்சுப் பாப்பாங்க, பாஸ்வேர்டும் 101ன்னா அன்னைக்கு ராத்திரியே கதை முடிஞ்சுது. சனிக்கிழமை சாயந்திரம் ஆரம்பிச்சு திங்கக்கிழமை காலைல தெரியுற மாதிரிதான் அடிப்பாங்க.

வெளிநாட்டுக் கால் வேண்டாதவங்க கம்பெனிகிட்டயே ஐஎஸ்டிய பூட்டச் சொல்லிருங்க, இதான் பெரிய பூட்டு. 00ல ஆரம்பிக்கிற பேட்டர்ன் ரூட்ல இருக்கவே வேண்டாம். சிக்னலிங் போர்ட கம்பெனி ஐபிக்கு மட்டும் திறங்க, அனானிமஸ் கால 'நோ'ன்னு வைங்க, தப்புப் பாஸ்வேர்டா அடிக்கிற ஐபியத் தடுக்குற ஃபெயில்2பேன் ஓடுதான்னு பாருங்க. வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு விபிஎன்.

18. 108க்கு அடிச்சா போகலங்காங்க நர்ஸு.

பேட்டர்ன்ல பத்து எண், ஏழு எண்ணுக்கு மட்டும் வரி போட்டு, மூணு எண்ண மறந்துருப்பாங்க. 100, 101, 108, 112 நாலையும் ப்ரிபெண்ட் எதுவும் இல்லாம தனி ரூட்டா போட்டு மேல வைங்க, எமர்ஜென்சி டிக் பண்ணுங்க. 100ல இருந்து எக்ஸ்டென்ஷன் நம்பர் ஆரம்பிக்கிற பழக்கத்த விடுங்க, 108ம் ரூம்ல மணி அடிக்கும். 200ல இருந்து வைங்க. ட்ரங்க் போட்ட அன்னைக்கே கம்பெனிகிட்ட சொல்லிட்டு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, மாவட்டம் சரியா விழுதான்னும் கேட்டுருங்க.

19. கம்பெனிக்கு போன் போட்டா "எங்க பக்கம் சரியா இருக்கு"ங்காங்க, சிஸ்டம் போட்டவரும் அதேதான் சொல்லுதாரு. நான் யார நம்ப?

ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம், சிப் மெசேஜ் போறது வர்றதக் காட்டுற எஸ்என்ஜிரெப்ப ஓட விட்டுப் பாருங்க, யாரு எத எப்ப அனுப்புனாங்கன்னு அம்பு போட்டுக் காட்டும். அதுல பதிலா வர்ற நம்பர் முக்கியம். 401, 407 பாத்துப் பயப்படாதீங்க, பாஸ்வேர்டு கேக்குறதுக்கு அதான் வழக்கம், அடுத்து 200 வந்தா சரி. 403ன்னா அவங்க தடுக்காங்க: பாஸ்வேர்டு, ஐபி, இல்ல காலர் ஐடி. 404, 484ன்னா நம்பர் எழுதுன விதம், 9ம் கேள்வி. 488ன்னா கோடெக் ஒத்துப் போகல. 503ன்னா பெரும்பாலும் அவங்க பக்கம், இல்ல சேனல் தீந்துருச்சு. பதிலே வராம 408ன்னா ரோடே இல்ல, ரூட்டும் ஃபயர்வாலும் பாருங்க.

கம்ப்ளைன்ட் குடுக்கும்போது "நேத்து கால் போகல"ன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது. எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணி எத்தனை நிமிசம், கால்-ஐடி (எஸ்என்ஜிரெப்ல அந்தக் காலுக்குன்னு உள்ள அடையாளம், காலர் ஐடி இல்ல) என்ன, அந்தக் காலோட பிகேப் ஃபைல் (போன வந்த பாக்கெட்டோட பதிவு), இத்தனையும் மெயில்ல போடுங்க, பதில் வேற மாதிரி வரும். அனுப்புறதுக்கு முன்னாடி பிபிஎக்ஸ் கடிகாரம் இந்திய நேரத்துலதான் இருக்கான்னு ஒருக்க பாத்துருங்க, யுடிசில இருந்தா அஞ்சரை மணி நேரம் தள்ளி நிக்கும், அவங்க லாக்ல தேடிட்டு "அந்த நேரத்துல உங்ககிட்ட இருந்து காலே வரலையே"ன்னு டிக்கெட்ட மூடிருவாங்க.